கல்முனைத் தெருக்களும் நிலக்கீழ்க் குழாய்களும்

தெரு யாருக்குரியது என்னும் வினாவின் சிக்கல், அத்தெருவைத் தோண்ட முற்படும்போதுதான் புலனாகும். அம்பாறைக் கரையோரத்துக் கல்முனை இதற்கோர் எடுத்துக்காட்டாகும். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது முதலாய ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. கொழும்பிலிருந்து பொத்துவில் ஊடாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 பெருந்தெருவே இவற்றை இணைக்கும் முதுகெலும்பு.

இலங்கையின் தெருச் சட்டங்கள் தெருவின் மேற்பரப்பை நோக்கியே பிறந்தவை. 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பையோ மூன்று ஷில்லிங் பணத்தையோ தரவேண்டுமென விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1861 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கப் பெருந்தெருக்கள் கட்டளைச் சட்டமும் வண்டி செல்லும் வழியையே கருதியது. அதே 1861 இல், இலண்டன் காரிக் வீதியின் கீழே குழாய்களைத் தாங்கும் சுரங்கவழி அமைக்கப்பட்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. தெருவை மீண்டும் மீண்டும் உடைக்காதிருத்தலே அதன் நோக்கமாகும். ஆட்சியாளர் தம் தலைநகருக்குக் கண்ட வழியை இங்கு மறைத்தனர் எனக் குறைகூறல் மிகையாகும். அன்று கல்முனைத் தெருவின் கீழே புதைப்பதற்கு யாதிருந்தது?

புதைப்பதற்குரியவை பின்னரே வந்தன. 1975 இல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை தோன்றியது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், திணைக்களத்தின் கையிலிருந்த தொழிலைக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்து, உரிமம் பெறும் ஏனையோருக்கும் வழிதிறந்தது. நிறுவனங்கள் பலவாயின், அகழிகளும் பலவாதல் இயல்பே.

தெருவின் உரிமையும் இக்காலத்திற் பிளவுண்டது. 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் நகர்த் தெருக்களைச் சபையிடம் ஒப்படைத்தது. பெருந்தெருக்களோ 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பாயின. 1987 இன் பின் மாகாண வீதிகள் என மூன்றாவது வகையொன்றும் சேர்ந்தது. 2001 இல் மாநகர சபையாகிய கல்முனை இப்பிளவுகள் அனைத்தையும் ஒருங்கே ஏற்றது. ஆதலின், பெருந்தெருவிலிருந்து ஒழுங்கையொன்றினுள் ஒரேயொரு வடத்தைக் கொண்டுசெல்லவும் வெவ்வேறு வாயில்களைத் தட்டவேண்டியுள்ளது.

மணல் நிலத்தின் தன்மையையும் மறத்தலாகாது. நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்கும் இக்கரையோரத்தில் அகழியின் பக்கங்கள் எளிதிற் சரியும். இறுக்காமல் மூடிய பள்ளம் மாரி மழையோடு தாழ்ந்துவிடும். தோண்டியவர் சென்றபின் தெருவோரத்தார் அப்பள்ளத்தோடு வாழ்வர்.

இதற்கு மாற்று, தெரு திறந்துள்ளபோதே வெற்றுக் குழாயொன்றை இட்டுவைத்தலாகும். பின்னொருநாள் ஒளியிழை வடத்தை அதனூடே இழுத்துக்கொள்ளலாம், மீண்டும் தோண்டவேண்டியதில்லை. செலவின் பெரும்பங்கு வடத்திலன்று, அகழியிலேயே உள்ளது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014 இல் இதனை நகரச் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வாண்டிலேயே அகழிப் பணிகளை ஒருங்கிணைக்கும் நெறிமுறையை வகுத்தது.

2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலை கல்முனைக் கரையைச் சிதைத்தபின், வீடுகளோடு தெருக்களையும் புதிதாக அமைக்க நேர்ந்தது. தெருவின் அடியை முன்கூட்டியே சிந்திப்பதற்கு அதனினும் பெரிய வாய்ப்பு இந்நகருக்கு வாய்த்ததில்லை. ஆயின் அன்று உறைவிடமே முதற்கவலையாயிருந்தது. மேலும், சான் பிரான்சிஸ்கோவின் விதி பிறக்கப் பத்தாண்டுகள் இருந்தன.

மாநகர சபைக்குத் துணைவிதி இயற்றும் அதிகாரம் 1947 முதலே உண்டு. தன் ஒழுங்கைகளைத் தோண்டுவோர் வெற்றுக் குழாய் இடவேண்டுமென அது விதிக்க முற்படலாம். எனினும் அவ்விதி ஏ4 பெருந்தெருவின் ஓரத்தில் நின்றுவிடும். கல்முனையின் வடங்கள் யாவும் கடக்கவேண்டிய வழியோ அதுவே.