பீப்பாயில் விழுந்த சில்லறை

அணுகுண்டு விழுந்த மூன்றாம் நாளே ஹிரோஷிமாவின் ஒரு பகுதியில் டிராம் மறுபடி ஓடியது. 1950இல் அந்த ஊரின் பேஸ்பால் அணியான கார்ப், லீக்கில் ஆட இறங்கியது. மற்ற அணிகள் பலவற்றுக்குப் பத்திரிகை முதலாளியோ ரயில் கம்பெனியோ உண்டு; கார்ப்புக்கு ஊர்க்காரர்கள்தான். அடுத்த வருஷமே கையில் காசில்லை, அணியைக் கலைச்சிடலாம் என்ற பேச்சு. மைதான வாசலில் சாக்கே மதுப் பீப்பாய்களை வைத்தார்கள். சனங்கள் சில்லறையைப் போட்டார்கள்.

சோத்துக்கே திண்டாட்டம், இதில் பந்தாட்டம் ஒரு கேடா? அப்படிக் கேட்பது சுலபம். செத்தவர்களுக்காக மட்டுமே பேசப்பட்ட ஊருக்கு, நாளைக்கு யார் ஜெயிப்பார்கள் என்று சண்டை போட ஒரு விஷயம் தேவைப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

1957இல் புது மைதானம் வந்தது. டிராமை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் குண்டில் சிதைந்த குவிமாடம், எதிர்ப்பக்கம் ஆட்டத்தின் ஆரவாரம். தோல்விகள்தான் அதிகம். முதல் லீக் பட்டம் கிடைத்தது 1975இல், பீப்பாய் வைத்து 24 வருஷம் கழித்து.