டார்வின் மாட்டிய கண்ணாடி

டார்வின்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்துல இருக்கிற வெள்ளைத் தாடித் தாத்தாதான். முகத்தைப் பார்த்தா எதுக்கும் அசராத ஆள் மாதிரி தெரியும். ஆனா அவர் வீட்டுல ஒரு கண்ணாடி இருந்தது. நான் சொல்ல வந்தது அதைப் பத்தித்தான்.

லண்டனுக்குப் பக்கத்துல கென்ட் பகுதியில டவுன்னு ஒரு ஊர். பேருதான் டவுன், நிஜத்துல குக்கிராமம் :-). 1842ல் டார்வின் குடும்பத்தோட அங்கே குடியேறினார். தன்னோட படிப்பறை ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடியை மாட்டி வெச்சார். வாசல்ல யார் வர்றாங்கன்னு உள்ளே உட்கார்ந்தபடியே பார்த்துக்கத்தான். விருந்தாளிங்க கூட கொஞ்ச நேரம் கூடுதலாப் பேசிட்டா அன்னிக்கு ராத்திரி உடம்பு நடுங்கும், வாந்தி வரும். படபடப்பு, வயித்து வலி எல்லாம் கூடவே இருந்தது. 1848 நவம்பர்ல அப்பா இறந்தப்போ, உடம்பு முடியாம இறுதிச் சடங்குக்கே நேரத்துக்குப் போய்ச் சேர முடியல.

இத்தனைக்கும் வெளியுலகத்துக்கு அவர் பெரிய வெற்றியாளர். பீகிள் கப்பல்ல 5 வருஷம் உலகம் சுத்தினவர். பயண நூலால பேர் வாங்கினவர். 1853ல் ராயல் சொசைட்டியோட பதக்கம் வாங்கினவர். அதே காலத்துல, அதாவது 1849லிருந்து 1855 வரை, தினமும் பகல் எப்படிப் போச்சு, ராத்திரி எப்படிப் போச்சுன்னு தனியா ஒரு உடல்நலக் குறிப்பேடு எழுதிட்டிருந்தார். மால்வர்ன் ஊர்ல டாக்டர் கல்லிகிட்ட தண்ணீர் வைத்தியம் எடுத்துக்கிட்டார். வேர்க்க வெச்சு, பச்சைத் தண்ணியில நனைச்ச துண்டால தேய்ச்சு விடுவாங்க. வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துல ஒரு கொட்டகை போட்டு அங்கேயும் தலையில தண்ணி கொட்டிக்கிட்டார்.

"கடவுளுக்கு எதிரான கொள்கையை மனசுல வெச்சிருந்தார், அதான் பயம்"னு சுலபமா சொல்லிடலாம். பயம் இருந்தது உண்மை. 1844 ஜனவரியில் நண்பர் ஹூக்கருக்கு எழுதின கடிதத்துல, உயிரினங்கள் மாறுதுன்னு சொல்றது ஒரு கொலையை ஒப்புக்கிற மாதிரி இருக்குன்னார். அதே வருஷம் சுமார் 230 பக்கத்துக்குக் கொள்கையை எழுதி முடிச்சு, நான் செத்துட்டா 400 பவுண்டு செலவு பண்ணி இதை வெளியிடுன்னு மனைவி எம்மாவுக்குக் கடிதம் எழுதி வெச்சார். புத்தகமா வந்தது 1859 நவம்பர்ல. அன்னிக்குக்கூட ஆசிரியர் இல்க்லியில தண்ணீர் வைத்தியத்துல இருந்தார். 1860ல் ஆக்ஸ்ஃபோர்டுல அவர் கொள்கையை வெச்சு பிஷப்புக்கும் ஹக்ஸ்லிக்கும் பெரிய சண்டை நடந்ததே, அங்கேயும் ஆள் இல்லை. இன்னொரு வைத்திய விடுதியில இருந்தார்.

ஆனா இந்தக் கணக்கு ஒரு இடத்துல இடிக்குது. 1831 கடைசியில், கப்பல் கிளம்பக் காத்துக்கிட்டு பிளைமவுத் துறைமுகத்துல இருந்தப்பவே அவருக்கு நெஞ்சு படபடப்பும் வலியும் வந்திருக்கு. வயசு 22. கொள்கை எதுவும் கிடையாது. இதய நோய்னே நம்பினார். ஆனா எந்த டாக்டர்கிட்டயும் காட்டல. காட்டினா பயணத்துக்கு லாயக்கில்லைன்னு சொல்லிடுவாங்களேன்னு வாயை மூடிக்கிட்டுக் கப்பல் ஏறிட்டார்.

இந்த இடம்தான் எனக்குச் சுருக்குன்னு பட்டது. நம்ம தொழில்ல இது சர்வ சாதாரணம். ஆன்சைட் போயிட்டு வந்திருப்பான், அப்ரைசல்ல நல்ல ரேட்டிங், ஊர்ல அம்மா பெருமையாப் பேசுவாங்க. ஆனா க்ளையன்ட் காலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி பாத்ரூம்ல போய்க் கையைக் கழுவிக்கிட்டே நிப்பான். நானும் அதுல ஒருத்தன். வெளிய சொன்னா அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு லாயக்கில்லைன்னு முடிவு பண்ணிடுவாங்களேங்கிற அதே பிளைமவுத் கணக்குதான்.

டார்வினுக்கு என்ன வியாதின்னு இன்னிக்கும் சண்டை ஓயல. தென் அமெரிக்காவுல பூச்சி கடிச்சதால வந்த சாகஸ் நோய்னு ஒரு கட்சி. பீதி நோய்தான்னு 1997ல் ஒரு மருத்துவ இதழ்ல இரண்டு பேர் எழுதினாங்க. முடிவு எதுவா இருந்தாலும், அந்தப் படபடப்பு வாழ்க்கையில பெரும்பகுதி அவரை விடவே இல்லை. பதக்கம் வாங்கினதாலயும் போகல, புத்தகம் வித்ததாலயும் போகல.

மாறினது வேற விஷயம். 22 வயசுல யாருக்கும் தெரியாது. பின்னாடி எம்மாவுக்கு எல்லாம் தெரியும். நாளையே அதுக்குத் தகுந்த மாதிரி வெட்டி வெச்சுக்கிட்டாங்க. காலை 8லிருந்து 9.30 வரை வேலை, மறுபடி 10.30லிருந்து 12 வரை. மொத்தம் 3 மணி நேரம்! மீதி நடை, கடிதம், ஓய்வு, ராத்திரி எம்மாவோட இரண்டு ஆட்டம் பேக்காமன். அந்த 3 மணி நேரத்துலதான் 1881ல் வந்த மண்புழு புத்தகம் வரைக்கும் எழுதினார்.

சரி, அவருக்கு அப்பா சொத்து இருந்தது, மேனேஜர் கிடையாது, டைம்ஷீட் கிடையாது. நம்மால வீட்டுக்கு வெளிய கண்ணாடி மாட்டிக்கிட்டு உட்கார முடியாது. ஒத்துக்கறேன். ஆனா பிளைமவுத்துல டார்வின்கிட்ட இல்லாம டவுன்ல இருந்தது காசு மட்டும் இல்லை. விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல இருந்தாங்க. அதுக்குச் சொத்து வேண்டாம். ஒரு எம்மாவோ, ஒரு ஹூக்கரோ போதும்.