இன்காக்கள் சொல்லாத பெயர்

இன்காக்கள் தங்கள் நாட்டைப் 'பெரு' என்று ஒருநாளும் அழைத்ததில்லை. அவர்கள் சொன்ன பெயர் தவாந்தின்சூயு. கெச்சுவா மொழியில் தவா என்றால் நான்கு, சூயு என்றால் நாட்டுப் பகுதி. சின்சாய்சூயு, அந்திசூயு, கொல்லாசூயு, குந்திசூயு என்ற நான்கும் தலைநகர் கூஸ்கோவில் வந்து கூடின. 'இன்கா' என்பதும் முதலில் அரசனுக்குரிய பட்டம்தான்; மக்கள் எல்லாருக்கும் அதைப் பெயராக்கியது பிற்கால வழக்கம்.

'பெரு' என்ற பெயரின் வேரை வடக்கே, இன்றைய பனாமா, கொலம்பியா கடற்கரைப் பக்கம் தேடவேண்டும். இன்காக்களின் ஆட்சி அங்கே எட்டியதே இல்லை. 1522இல் பாஸ்குவால் தே அந்தகோயா என்ற ஸ்பானியர் பனாமாவிலிருந்து தெற்கே போனார். சோச்சாமா என்ற ஊர்ப்பகுதி மக்கள் அவரிடம் முறையிட்டார்கள்: பௌர்ணமிதோறும் தோணிகளில் ஒரு கூட்டம் வந்து தாக்குகிறது. அந்தக் கூட்டத்தின் நாடு 'பிரு'. முதலெழுத்தை, பாக்கியம் என்பதில் ஒலிக்கும் 'ப'வாகச் சொல்லவேண்டும். அது பின்னர், பல் என்பதில் வரும் வல்லின 'ப'வாகத் திரிந்துவிட்டது என்று அந்தகோயாவே எழுதிவைத்திருக்கிறார்.

உடல்நலம் கெட்டு அவர் திரும்பிவிட, அந்த முயற்சி பிரான்சிஸ்கோ பிசாரோ, அல்மாக்ரோ, பாதிரியார் லூக்கே ஆகியோர் கைக்குப் போனது. 1524இல் பிசாரோ புறப்பட்டார். தெற்கே கண்ணுக்கு எட்டாமல் கிடந்த கரை முழுவதும் பனாமாவில் இருந்தவர்களுக்குப் 'பிரு'வாகிவிட்டது. 1528இல் அவர் தும்பெஸ் என்ற இன்கா நகரை அடைந்தபோது, பெயரும் கப்பலோடு கப்பலாக அங்கே வந்து சேர்ந்தது. உண்மையான பிரு எங்கோ பின்னால் தங்கிவிட்டது.

ஸ்பானிய அரசாங்கம் வேறு பெயர் வைத்துப் பார்த்தது. பிசாரோவின் ஆளுகைப் பகுதிக்குப் 'புதிய காஸ்தில்' என்று பெயர். அது நிலைக்கவில்லை. 1532 நவம்பர் 16இல் காஹமார்க்காவில் இன்கா அரசர் அதஹுவால்பா சிறைப்பட்டார். அடுத்த ஆண்டே கொல்லப்பட்டார். பிசாரோவின் செயலர் ஹெரெஸ் 1534இல் வெளியிட்ட வரலாற்று நூலின் தலைப்பிலேயே 'பெரு' ஏறிவிட்டது. 1542இல் அரசரே 'பெரு' என்ற பெயரில் துணையரசு அமைத்தார்.

வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ, இந்தப் பெயர் வந்தவிதம் பற்றி 1609இல் வேறொரு கதை சொன்னார். ஆற்றங்கரையில் பிடிபட்ட ஒருவனிடம் ஸ்பானியர்கள் நாட்டின் பெயரைக் கேட்டார்களாம். அவன் பதறி, தன் பெயர் 'பெரு' என்றும், ஆற்றில் இருந்ததாகச் சொல்லப் 'பெலு' என்றும் உளறினானாம். கேட்கச் சுவையான கதை, நான் ஏற்கமாட்டேன். அந்தகோயா அந்தக் கரைக்கே போனவர். கார்சிலாசோ பிறந்ததே 1539இல். இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பெயரைத் துருவி ஆராய்ந்த ராவுல் போராஸ் பாரெனெச்செயாவும் பிரு பக்கமே நின்றார்.

ஆனால் கார்சிலாசோவின் இன்னொரு சாட்சியம் விலைமதிப்பற்றது. அவர் தாய் இன்கா அரசகுலப் பெண்; கார்சிலாசோவும் கூஸ்கோவிலேயே வளர்ந்தவர். நாடு பறிபோய் எழுபது ஆண்டுகள் கடந்தும், தாங்கள் வைக்காத இந்தப் பெயரை அந்த மண்ணின் மக்கள் வாயில் எடுப்பதில்லை என்று அவர் எழுதினார்.

1821இல் ஸ்பெயினிலிருந்து விடுதலை அறிவித்தபோதும் அந்தப் பெயரே தொடர்ந்தது. 1975இல் கெச்சுவா ஆட்சிமொழித் தகுதி பெற்றது. இன்று கெச்சுவாவிலும் நாட்டின் பெயர் 'பிருவ்'.