ஒகினாவா கராத்தே மரபில் கைகளை உரமேற்றும் பயிற்சி: ஆசான்களின் எழுத்துகள் வழி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கராத்தே என்றதும் பொதுமக்கள் நினைவில் எழுவது, ஓடுகளையும் செங்கற்களையும் வெறுங்கையால் உடைத்துக் காட்டும் காட்சியாகும். கைகளைக் கல்லாக்கிக்கொள்வதே இக்கலையின் சாரம் என்னும் எண்ணத்தை இக்காட்சி வளர்த்துள்ளது. ஆனால், இக்கலையைப் பயின்று பயிற்றுவித்த ஒகினாவா ஆசான்களின் எழுத்துகளில் கைப்பயிற்சி பெறும் இடம் வேறானது. இத்தோசு ஆன்கோ 1908இல் எழுதிய பத்து நெறிகள் கொண்ட மடல், அவருடைய மாணவர் ஃபுனாகோஷி கிச்சின் 1956இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு அவ்விடத்தை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்புலம்

தனியரசாக விளங்கிய ரியூக்யூ, 1609இல் சத்சுமா படையெடுப்பிற்கு உட்பட்டது. 1879இல் ஒகினாவா மாவட்டமாக ஜப்பானுடன் இணைக்கப்பட்டது. இத்தீவில் வழங்கிய போர்க்கலை, கை எனப் பொருள்படும் ‘தே’ என்னும் சொல்லால் குறிக்கப்பட்டது. வீட்டு முற்றங்களில் ஓரிரு மாணவர்க்கு மட்டுமே கற்பிக்கப்பட்டதால், அக்காலப் பயிற்சி பற்றிய எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. சான்று குறைந்த இடத்தைக் கதைகள் நிரப்பின. 1901இல் இத்தோசு இக்கலையைச் சுரி நகரத் தொடக்கப்பள்ளியில் புகுத்தியபோது, முற்றத்துக் கலை முதன்முறையாகப் பொதுவெளிக்கு வந்தது. கைகளை உரமேற்றுவது எதற்காக என்பதைக் கல்வி அதிகாரிகளுக்கு விளக்க வேண்டிய தேவையும் அப்போதுதான் எழுந்தது.

மகிவாராவின் அமைப்பும் செயலும்

கைப்பயிற்சிக்குரிய முதன்மைக் கருவி மகிவாரா. வைக்கோலைச் சுற்றிக் கட்டியது என்பது இச்சொல்லின் பொருள். வில்வித்தையில் அம்பெய்து பழகும் வைக்கோற் கட்டுக்கும் இப்பெயர் உண்டு. கராத்தேயில் அது நிலத்தில் ஊன்றிய பலகையின் தலைப்பகுதியில் வைக்கோற் கயிறு சுற்றிய அமைப்பாகும். பலகை அடியில் தடித்தும் மேலே செல்லச் செல்ல மெலிந்தும் இருக்கும். இம்மெலிவே அக்கருவியின் உயிர்நிலை. குத்தும்போது பலகை வளைந்து கொடுத்து மீள்கிறது. வளையாத கம்பமாயின் அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டிற்கும் முழங்கைக்கும் திரும்பும்.

சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் கணுக்கள் மட்டும் பலகையில் படவேண்டும். மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் நிற்கவேண்டும். சிறுவிரற் பக்கம் பட்டால் அவ்விரலை அடுத்த உள்ளங்கை எலும்பின் கழுத்து முறியக்கூடும். இதனை மருத்துவர் ‘குத்துச்சண்டையாளர் முறிவு’ என வழங்குவர். நிலைப்பாடு தளர்ந்தால் பலகை குத்தியவரையே பின்னுக்குத் தள்ளும். எனவே மகிவாரா கையின் தோலைவிடக் கால் ஊன்றலையும் இடுப்பின் திருப்பத்தையும் உடனுக்குடன் சோதிக்கும் கருவியாகவே செயற்படுகின்றது. நாஹா நகர மரபில் விரற்பிடிக்குக் கழுத்துள்ள மண்சாடிகளும், மணிக்கட்டிற்குக் கல் பொருத்திய கைப்பிடிகளும் பயன்பட்டன. காய்ப்பு உண்டாக்குவதினும் பிடியையும் மூட்டையும் வலுப்படுத்துவதே இவற்றின் பயன்.

1908ஆம் ஆண்டு மடலின் இருகுரல்

இத்தோசுவின் மடலில் இரு குரல்கள் ஒலிக்கின்றன. உடலை இரும்பும் கல்லும் போல் ஆக்கி, கைகால்களை ஈட்டியாகப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. பள்ளிச் சிறுவர் இதனைப் பயின்றால் பிற்காலப் படைப்பணிக்கு உதவும் என்றும் அவர் வாதிடுகிறார். நெப்போலியனை வென்ற வெலிங்டனின் பெயரால் வழங்கும் பள்ளி விளையாட்டுத் திடல் பற்றிய கூற்றையும் துணைக்கு அழைக்கிறார். ருசிய-ஜப்பானியப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் கழிந்த சூழலில் அரசின் செவிக்கு ஏற்ற வாதம் இது.

மற்றொரு குரல் பயிற்சியாளருடையது. மகிவாராவை ஒவ்வொரு கையாலும் நூறு முதல் இருநூறு முறை குத்தச் சொல்லும் நெறியிலேயே, தோளைத் தாழ்த்துதல், மார்பை விரித்தல், நிலத்தைக் காலால் பற்றுதல், மூச்சாற்றலை அடிவயிற்றில் நிறுத்துதல் ஆகியனவும் கூறப்படுகின்றன. அளவு மீறி முறுக்கினால் குருதி மேலேறி முகம் சிவக்கும், உடலுக்குக் கேடு விளையும் என்ற எச்சரிக்கையும் மடலில் உண்டு. முதற்குரல் கையைப் படைக்கலமாக்குகிறது. இரண்டாம் குரல் அதே கையை உடல் முழுவதன் ஒழுங்கிற்குள் அடக்குகிறது.

தன்வரலாற்று நூலின் சான்று

ஃபுனாகோஷி (1868-1957) தம் இளமைப் பயிற்சியை நினைவுகூரும்போது உரமேறிய கைகளைப் பெருமையாகப் பேசவில்லை. மங்கிய விளக்குடன் இரவில் ஆசான் ஆசாத்தோவின் வீட்டிற்கு நடந்ததும், அயலார் அவர் பரத்தையர் இல்லம் செல்வதாக ஐயுற்றதும், ஒரே ‘கத்தா’வை மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் செய்ததும் அவர் நினைவில் முதன்மை பெறுகின்றன. கைகால்களை வாளெனக் கருதுக என்னும் ஆசானின் அறிவுரையையும் அவர் பதிவு செய்கிறார். அதில் வீரம்போலவே அச்சமும் உண்டு. வாளை விளையாட்டாக ஓங்குவார் இலர்.

பயறு நிரப்பிய கலத்தில் விரல்களை ஆயிரக்கணக்கான முறை குத்தி, பின் மணல், கல், ஈயக்குண்டு என முன்னேறினால் கை கொலைக்கருவியாகும் என்று சிலர் பரப்பிய கூற்றை அவர் அறியாமை எனக் கடிகிறார்.

இச்சான்றை அப்படியே ஏற்றல் தகாது. 1945 போரில் அவருடைய பயிற்சிக்கூடம் குண்டுவீச்சில் அழிந்தது. போருக்குப்பின் பள்ளிகளில் போர்க்கலைப் பயிற்சிகள் தடைசெய்யப்பட்டன. அமைதியின் மொழியே ஏற்கப்பட்ட காலத்தில், முதிய ஆசான் தம் கலையின் கூர்மையை மழுக்கிக் காட்டியிருக்கலாம். இவ்வையத்தைத் தீர்க்க 1908 மடல் உதவுகிறது. போர் போற்றப்பட்ட சூழலில் எழுதப்பட்ட அதிலும் அளவும் அடக்கமும் வலியுறுத்தப்படுவதால், அவை போருக்குப்பின் புனையப்பட்டவை அல்ல என்பது புலனாகின்றது. படைவீரன் என்னும் இலக்கு மறைந்ததே காலத்தின் மாற்றம். பயிற்சியின் பொறுமை மரபின் தொடர்ச்சி.

உடலியல் நோக்கு

எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்ப உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892இல் நூலாக வெளியிட்டார். மாற்றம் மெல்லவே நிகழும். சுமை விரைந்து ஏறினால் உரத்திற்குப் பதில் முறிவே மிஞ்சும். கராத்தே பயிற்றுநர் 22 பேரின் கைகளை எக்ஸ்ரே வழி ஆராய்ந்து 1985இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை, மூட்டுத்தேய்வு முன்கூட்டியே தோன்றுவதற்குச் சான்றில்லை எனக் கண்டது. எனினும், ஆராயப்பட்டோர் நெடுங்காலம் நிலைத்து நின்ற பயிற்றுநர்கள்; காயமுற்று இடையில் விலகியோர் அக்கணக்கில் வாரார். எலும்பு முதிராத சிறுவர்க்கு அம்முடிவைப் பொருத்துதலும் இயலாது. பள்ளிச் சிறுவரை முன்னிறுத்திய மடலே மிகையை எச்சரித்திருப்பது இவ்விடத்தில் கருதத்தக்கது.

முடிவுரை

1936 அக்டோபரில் நாஹாவில் கூடிய ஆசான்கள், சீனத்தைக் குறித்த எழுத்தை நீக்கி, ‘வெறுங்கை’ எனப் பொருள்படும் எழுத்தால் கராத்தே என்னும் பெயரை எழுத இசைந்தனர். ‘கரா’ என்பதன் எழுத்து மாறியும் ‘தே’ என்னும் கை மாறாது நின்றது. அக்கையை எவ்வளவு கடினமாக்கலாம் என்பது மேடைக் காட்சியின் கேள்வி. அதனை எவ்வளவு காலம், எத்துணை அளவோடு, எந்நிலையில் நின்று பழக்குவது என்பதே ஆசான்களின் கேள்வியாக இருந்தது. அவ்வாறு பழகியதில் கணுக்களில் ஏறிய காய்ப்பு, பயிற்சியின் இலக்கன்று. அதன் தடமே எனலாம்.