பழைய துவக்கும் புதிய ஸ்கோப்பும்



சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே அதன் நோக்கத்தை இழக்க முடியுமா? அமெரிக்க வேட்டைச் சட்ட வரலாற்றில் இதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம்.

பென்சில்வேனியா மாநிலம் 1974இல் மான் வேட்டைக்குத் தனிப் பருவமொன்றைத் திறந்தது. சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய துவக்குக்கு மட்டுமே அதில் அனுமதி. மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இடித்து ஏற்ற வேண்டும். ஒரு வெடி தவறினால் மான் போய்விடும். வேறு மாநிலங்களும் இத்தகைய பருவங்களைக் கொடுத்தன. கஷ்டம் அதிகம் என்பதால் கிடைத்த சலுகை அது.

1985இல் டோனி நைட் என்பவர் புதுவகைத் துவக்கொன்றைச் செய்தார். அதிலும் மருந்து வாய்வழியேதான். உள்ளமைப்போ நவீன ரைபிளைப் போன்றது. மேலே ஸ்கோப்பும் பூட்டலாம். சொல் மீறப்படவில்லை, நோக்கம்தான் நழுவியது.

கொலராடோ இந்தப் பருவத்தில் ஸ்கோப்பை அனுமதிப்பதில்லை. யூட்டா 2016இல் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பை அனுமதித்து, 2024இல் மறுபடி தடுத்தது.

வயதானவர்களின் பார்வை மங்கும், குறி பிசகினால் மான் காயத்தோடு துடிக்கும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அறுக்கும்போதும் பிராணியை வதைக்கக் கூடாது என்று படித்த நாம் இதை இலேசாகத் தள்ள முடியாது. ஆனால் ஸ்கோப் இருந்தால் தூரத்திலிருந்து சுடும் ஆசையும் வரும். அங்கும் குறி பிசகும்.

எனவே யூட்டா திரும்பி வந்தது சரியென்றே நினைக்கிறோம். சலுகை வேண்டுமானால், அது எதற்காகத் தரப்பட்டதோ அந்தக் கஷ்டத்தையும் ஏற்கத்தான் வேண்டும்.