இடம் மாறிய தேநீர்க் குடில்கள்

ஜப்பானில் கியோட்டோ நகருக்குத் தென்கிழக்கே, ஹினோ என்னும் மலைச்சாரலில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காமோ நோ சோமெய் என்ற துறவி ஒரு சிறு குடிலில் வசித்துவந்தார். புகழ்பெற்ற கோயிலொன்றின் அர்ச்சகர் குலத்திலே பிறந்தும், தமக்கு உரியதென்று எதிர்பார்த்த பதவி கைகூடாமற் போகவே உலக வாழ்வினின்று ஒதுங்கிய அவர், 1212ஆம் ஆண்டில் எழுதிய 'ஹோஜோகி' என்னும் நூலில் அக்குடிலின் அமைப்பை விவரித்திருக்கிறார். நீளமும் அகலமும் ஏறக்குறையப் பத்தடி. உயரம் ஏழடிக்கும் குறைவு. ஓரிடத்தில் நிலைத்துவிட எண்ணாத அவர், மரங்கள் கூடுமிடங்களில் உலோகக் கொக்கிகளை மாட்டி, மனத்துக்கு ஒவ்வாதது ஏதேனும் நேர்ந்தால் முழுவதையும் கழற்றி இரண்டே வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வேறிடம் செல்லும்படியாக அதைச் செய்திருந்தார்.

வீட்டை ஸ்தாவர சொத்தாகவே எண்ணிப் பழகிய நமக்கு இது ஒரு துறவியின் விசித்திரமாகத் தோன்றலாம்; ஆனால் அந்நாட்டுக் கட்டடங்களின் சரித்திரத்தைப் பார்த்தால், முன்னோர் பெரிய அளவில் செய்ததையே சோமெய் சிறிய அளவில் செய்தார் என்பது விளங்கும். நாரா தலைநகராய் இருந்த காலத்தில், சீனத்திலிருந்து வந்த கன்ஜின் என்னும் பௌத்த ஆசாரியர் 759ஆம் ஆண்டில் தோஷோதாய்ஜி ஆலயத்தை நிறுவியபோது, அங்கே உபதேச மண்டபமாகப் பயன்படும்பொருட்டு அரண்மனை மண்டபம் ஒன்றையே பிரித்துக் கொடுத்தார்கள். அதிகாரிகள் கூடுவதற்கென எழுப்பப்பட்ட அம்மண்டபம், பிற்காலத்துத் திருத்தங்களுடன், இன்றைக்கும் அவ்வாலயத்தில் நிற்கிறது. நாரா அரண்மனையின் கட்டடங்களுள் எஞ்சியிருப்பது, பிரித்துக் கொண்டுபோகப்பட்ட அது ஒன்றே.

இதற்கெல்லாம் இடங்கொடுத்தது தச்சர்களின் தொழில்முறை. அவர்கள் தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின்மீது நிறுத்தினார்கள். தூணையும் உத்தரத்தையும் இணைக்க இரும்பாணியை நம்பாமல், ஒன்றில் கழுந்தும் மற்றொன்றில் துளையும் செதுக்கி, மர ஆப்பால் இறுக்கினார்கள். ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டால் மரம் சிதையாமல் விடுபடும். எந்த மரம் எந்த இடத்துக்கு உரியது என்பதில் மயக்கம் நேராதிருக்க, ஒரு பக்கத்து வரிசைக்கு எழுத்தும் மறுபக்கத்து வரிசைக்கு எண்ணுமாக மையால் குறியிட்டார்கள். மூங்கில் வரிச்சு கட்டி மண் அப்பிய சுவர்களை மட்டும் உடைத்தாக வேண்டும். அந்த மண்ணையும் வீணாக்காமல் புதிய வைக்கோலோடு சேர்த்துப் புளிக்கவைத்து மீண்டும் பூசுவதுண்டு. பழைய மரத்தின்மீது அவர்கள் கொண்டிருந்த பக்தியோ அலாதியானது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படும் இஸே ஆலயத்தில், முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள் கீழிறக்கப்பட்டபின் ஆற்றுப் பாலத்தின் இரு முனைகளிலும் தோரண வாயில்களாக மற்றோர் இருபது ஆண்டு நின்று, அதன்பின் குவானா, செகி என்னும் ஊர்களுக்கு வாயில்களாகச் செல்கின்றன.

இத்தகைய தேசத்தில், தோட்டத்து மூலையில் நிற்கும் தேநீர்க் குடில் கைமாறியதும் இடம் மாறியதும் வியப்பன்று. அவற்றுள் ஒன்றான 'ஜோ-ஆன்' என்பதன் கதை என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. மாவீரன் ஓடா நொபுநாகாவின் தம்பியும், தேநீர்க் கலையின் ஆசாரியரான சென் நோ ரிக்யூவின் சீடருமாகிய ஓடா உராகு, போர்களின் ஆரவாரத்தை விட்டு விலகி, கியோட்டோவின் கென்னின்ஜி ஆலய வளாகத்திலுள்ள ஷோதென்-இன் என்ற மடத்தில் 1618ஆம் ஆண்டு வாக்கில் அதைக் கட்டினார். உள்ளே மூன்று பாய்களுக்குச் சற்றே மிகுதியான இடந்தான் உண்டு. சுவரின் அடிப்பகுதியில் பழைய பஞ்சாங்கத் தாள்களை ஒட்டியிருக்கிறார். மூங்கில்களை நெருக்கமாக நிறுத்தி அடைத்த ஜன்னலின் வழியே வெயில் நேராக விழாமல் வடிகட்டப்பட்டு உள்ளே வருகிறது. இவ்வளவு சிறிய இடத்துக்குள் இத்தனை யோசனையைச் செலுத்திய மனிதரை எண்ணும்போது மரியாதை மிகுகிறது.

1868ஆம் ஆண்டின் மெய்ஜி மாற்றத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழாயிற்று. பிரபுக்கள் ஆட்சியுரிமையை இழந்தார்கள்; அரசாங்கம் ஷிந்தோ மதத்தைப் பௌத்தத்திலிருந்து பிரித்துப் போஷிக்கவே, பௌத்த ஆலயங்கள் பலவும் வருவாய் குன்றிச் சீரழிந்தன. பராமரிக்க வழியற்றவர்கள் விற்கத் துணிந்தார்கள்; தொழிலிலும் வாணிபத்திலும் புதுப்பணம் சேர்த்தவர்கள் வாங்க முன்வந்தார்கள். யோகோஹாமாவின் பட்டு வணிகர் ஹாரா தோமிதாரோ அவர்களுள் தலையானவர். சான்கெய்-என் என்னும் தமது தோட்டத்தில் அவர் கொண்டுவந்து சேர்த்த கட்டடங்களுள், 1457இல் கட்டப்பட்டு, கைவிடப்பட்ட ஆலயமொன்றில் நின்ற மூன்றடுக்குக் கோபுரம் ஒன்று. 1914இல் அதைப் பிரித்துக் கொண்டுவந்து குன்றின் உச்சியில் நிறுவினார். தேநீர்க் குடில்களும் வந்தன. செல்வர்களின் சேகரிப்பு ஆசை என்று இதைக் குறைத்துப் பேசுவோரின் வாதம் எனக்கு உடன்பாடன்று. ஹாரா அத்தோட்டத்தின் வெளிப்பகுதியை 1906ஆம் ஆண்டிலேயே கட்டணமின்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1916இல் ஜப்பான் சென்ற நம் ரவீந்திரநாத் தாகூரும் அங்கே விருந்தினராகத் தங்கினார். ஹாரா மறைந்த பிறகும் அந்த மரபு அற்றுப்போகவில்லை: மிபோரோ அணைக்கட்டின் நீரில் மூழ்கவிருந்த மலைக்கிராமத்துப் பெரிய கூரை வீடு ஒன்று 1960இல் அத்தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

ஜோ-ஆன் 1908ஆம் ஆண்டில் மித்சுயி குடும்பத்தார் கைக்கு வந்து, அவர்களுடைய டோக்கியோ மாளிகைத் தோட்டத்துக்குச் சென்றது. 1938இல் கடற்கரை ஊரான ஓயிசோவுக்குப் போயிற்று. ஏழாண்டுகளுக்குப் பின் டோக்கியோவின் பெரும்பகுதி குண்டுவீச்சில் எரிந்தபோது குடில் அந்நகரில் இல்லை. 1972இல் நகோயா ரயில்வே கம்பெனியின் ஆதரவில், கட்டடக்கலை அறிஞர் ஹோரிகுச்சி சுதெமியின் மேற்பார்வையில், இனுயாமா நகரத்துக்கு மூன்றாம் முறையாகப் பயணப்பட்டது.

மூன்று முறை பிரிக்கப்பட்டதை முதலில் கட்டியதென்றே எப்படிக் கொள்வது என்ற கேள்வி எழலாம். தூணும் உத்தரமும் அவைதாம், அளவுகளும் அவையே, ஆனால் தேநீர்க் குடில் என்பது மரச்சட்டம் மாத்திரமன்று. அதை நோக்கிச் செல்லும் பாதைக் கற்களும், கை கழுவும் நீர்த்தொட்டியும், ஜன்னல் நோக்கும் திசையும், மேலே கவிந்த மரநிழலும் சேர்ந்தே உராகு எண்ணிய குடிலாகின்றன. ஆகையால் பெயர்த்து நடுகிறவன் தச்சுத்தொழிலோடு தோட்டத்தையும் அறிந்தவனாயிருத்தல் அவசியம். தேநீர்க் குடில்களை ஆராய்வதில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஹோரிகுச்சியிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது அக்குடிலின் பாக்கியமென்றே சொல்வேன். அதனோடு மடத்தின் பழைய ஷோயின் மண்டபமும் உடன் வந்து பக்கத்தில் அமைந்தது. இனுயாமாவோ ஓடா வம்சத்தாரின் பூர்விகமான ஓவாரி நாட்டைச் சேர்ந்தது. தோட்டத்துக்கு உராகு-என் என்று அவருடைய பெயரையே சூட்டினார்கள்.