சர்வர்
‘சர்வர் வேலை செய்யல’ என்ற பேச்சு ரேஷன் கடை வரை வந்துவிட்டது. சர்வர் என்றால் ஓட்டலில் பரிமாறுபவர் என்றிருந்த காலத்துக்கு, 1964இல் நாகேஷ் நடித்த ‘சர்வர் சுந்தரம்’ சாட்சி. வேர் லத்தீனில் இருக்கிறது: ‘செர்வுஸ்’ என்றால் அடிமை. 1969இல், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பின் ஆவணங்களிலேயே இச்சொல் கணினியைக் குறித்தது. சர்வரிடம் கேட்டு வாங்கும் மறுமுனையான ‘கிளையண்ட்’டும் லத்தீன்தான், ரோமப் பெருந்தனக்காரரை அண்டிப் பிழைத்தவன் ‘கிளியென்ஸ்’. இன்றோ அடிமைப் பெயர் கொண்டதுதான் நம்மைக் காக்கவைக்கிறது. வேலை என்னவோ பழையதுதான். நாம் கேட்ட பிறகு, பிஎச்பி போன்ற மொழியில் எழுதிய நிரல் தரவுத்தளத்தில் தேடி, நமக்கென ஒரு பக்கத்தைச் சுடச்சுட ஆக்கி அனுப்புவது சர்வர் பக்கத்து வேலை. வந்த பக்கத்தில் ‘செல்போன் எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று அங்கேயே சிவப்பில் காட்டுவது நம் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். இட்லிப் பொடிக்கு எண்ணெய் விட்டு இலையிலேயே குழைத்துக்கொள்வது மாதிரி. சர்வருக்குத் தமிழில் ‘சேவையகம்’, ‘வழங்கி’ இரண்டும் உண்டு. முன்னது ஏதோ அரசுக் கட்டடம்போல் ஒலிக்கிறது. என் ஓட்டு ‘வழங்கி’க்கே: ‘வழங்கு’ என்பதில் கொடுப்பதும் உண்டு, புழங்குவதும் உண்டு, அடிமை வாடை இல்லை. இனி அது மக்கள் வாயில் வழங்கினால் சரி.